சரசு அக்காவின் பின்னல்

கொடியில் போட வீசிய ஈரப் புடவை, கொடியைத் தொடாமல் திரும்பி வந்து சரசு அக்காவின் முகத்திலேயே விழுந்தது. அவருடைய வலது கை தோள் உயரம் வரை போய் அங்கேயே நின்றிருந்தது. புடவைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டீச்சர், சிரிக்காதீங்க. வந்து இத எடுத்து உடுங்க."

சிரித்துக்கொண்டேதான் போனேன். புடவையை விலக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றார். அலசிப் பிழிந்த புடவையில் ஏது சோப்பு? மிச்சத் துணிகளை நானே எடுத்துக் கொடியில் போட்டேன்.

அது தொண்ணூறுகளின் கடைசியா, இரண்டாயிரம் பிறந்துவிட்டதா என்று சரியாக நினைவில்லை. எங்கள் தெருவுக்கு கேபிள் டி.வி. வந்திருந்தது, செல்போன் வந்திருக்கவில்லை.

நான் விளையாட்டு டீச்சர் என்பது இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்குத் தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணமங்கலத்தில் பிறந்து, ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து, பட்டு நெசவுக்காரர்கள் தெருவில் குடியேறியவள். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கெட்ட வழக்கம். போன வாரம், பள்ளி விளையாட்டு விழாவில் கொடியோடு நான் தடுக்கி விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தம்பி போன் செய்து சிரித்தான். சிரித்து முடித்ததும் வைத்துவிட்டான்.

சரசு அக்கா எனக்குப் பக்கத்து வீடு. அவரும் அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணனும் ஒரே தறியில் நெய்பவர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. நடுவில் ஒருவர் நெய்ய, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கையை நீட்டிக் கரை நூல் செருகிய நாடாக் கட்டையைத் தள்ள வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஓரத்து இடம் அக்காவுடையது.

அந்தக் கைதான் இப்போது கொடிக்கே எட்டவில்லை.

வாக்கிங் போன கதை

சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித் தோள் இறுகிப்போவது உண்டு என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். தோளுக்கு ஒத்தடம், மாத்திரை, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி. சர்க்கரைக்குத் தினமும் காலையில் வாக்கிங்.

டாக்டருக்கு எங்கள் தெருவைத் தெரியாது. விடிந்தால் போதும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாவு நீட்டிவிடுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் சும்மா போகிற வருகிற கைகளையெல்லாம் பிடித்துப் போட்டுக்கொள்வார்கள்.

அக்கா முதல் நாள் வாக்கிங் கிளம்பினார். நாலு வீடு தாண்டுவதற்குள், "அக்கா, இந்த எழைய சித்த புடிச்சுகினு நில்லுங்க" என்றார்கள். பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்தார். மறுநாளும் அதேதான்.

"டாக்டரு நடக்க சொன்னாரு. நான் தெனம் போயி நின்னுகினு இருந்துட்டு வரேன்" என்றார் என்னிடம்.

சுவர்ப் பயிற்சியும் நடக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்று விரலை ஏற்றினால், தறியில் உட்கார்ந்திருக்கும் ஏகாம்பரம் அண்ணன், "இன்னா, பல்லி புடிக்கறியா?" என்பாராம். அக்காவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வர, கை இறங்கிவிடும்.

அண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆள் கெட்டவரில்லை. கோபம் வந்தால் தறியை விட்டு எழுந்திருக்காமலே தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுவார். அப்படி ஒரு நாள் பேசியதில்தான் விஷயம் பெரிதானது. அப்போது தறியில் ஓடிக்கொண்டிருந்தது சாதாரணப் பாவு, அண்ணன் ஒருவரே நெய்துகொள்ளலாம். தீபாவளி கழிந்ததும் கோர்வைப் பாவு தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள கை சரியாவலன்னா தம்பி பொண்டாட்டிய உக்கார வெச்சிட வேண்டியதுதான். நான் இன்னா பண்றது?"

அன்று சாயங்காலம் அக்கா என் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

"வலிய கூட பொறுத்துக்கலாம் டீச்சர். அந்த எடத்துல வேற ஒருத்தி உக்காந்துட்டா, அப்புறம் நான் அந்த ஊட்ல இன்னாத்துக்கு?"

பதில் தெரியாதபோது நான் விசிலைத் தடவிக்கொண்டிருப்பேன். அன்று ரொம்ப நேரம் தடவினேன்.

பந்தி ஹாலில் விசில்

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. தெருமுனைக் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. மண்டபக்காரரின் மகள் என் மாணவி. அவளுக்கு நீளம் தாண்டுதலில் கப் வாங்கிக் கொடுத்த உரிமையில், மாடியில் இருக்கும் பந்தி ஹாலைச் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் கேட்டேன். கொடுத்தார். "சாம்பார் வாசனை மட்டும் போவாது, பரவாயில்லையா?" என்றார்.

அக்கா தனியாக வர மாட்டேன் என்றதால், தெருவில் இன்னும் சில பெண்களைச் சேர்த்தேன். மூட்டு வலி, இடுப்பு வலி, மூச்சு இரைப்பு என்று ஆளுக்கொன்று இருந்தது. எல்லோரும் கையில் கூடையோடு வந்தார்கள். உடற்பயிற்சிக்குப் போகிறோம் என்று தெரிந்தால் தெரு சிரிக்குமாம், கூடை இருந்தால் காய்கறி வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம். மாடிப்படியில் பாதி தூரத்தில் ஒரு முறை உட்கார்ந்தார்கள். மேலே வந்து இன்னொரு முறை உட்கார்ந்தார்கள். நேரம் பாதி அதிலேயே போய்விட்டது.

நான் விசிலை ஊதினேன். "கைகளைப் பக்கவாட்டில் நீட்டவும்! ஒன்று, இரண்டு..."

யாரும் நீட்டவில்லை. "எம் பொண்ணு ஸ்கூல்ல பண்றதுதான இது? எங்களுக்குமா?" என்று ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சரசு அக்கா மட்டும் என் மரியாதைக்காகக் கையைத் தூக்கி, முகத்தைச் சுளித்து, இறக்கிவிட்டார். நான் "தூக்குங்க" என்று சொன்னதுமே அந்தக் கை வலியைத்தான் முதலில் நினைத்துக்கொண்டது.

இரண்டொரு நாள் கழித்து ராணி வந்து சேர்ந்தாள். களம்பூர் ரைஸ் மில் வீட்டுப் பெண், ஆரணியில் ஜவுளிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். நல்ல உடம்பு. கூடையெல்லாம் இல்லை, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தெருவழியே நேராக வந்தாள்.

"அந்த விசில கொஞ்சம் உள்ள வைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஒரு குத்துப் பாட்டைப் போட்டாள்.

அந்த உடம்பு அப்படித் துள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முழங்கால் மடங்கி நிமிர்ந்தது, இடுப்பு தனியாகச் சுழன்றது, கை விரல் வரை வேலை இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த அத்தனை அசைவுகளும் அதில் இருந்தன. வரிசையாகத்தான் இல்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நடனத்துக்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது. கல்லூரி ஆண்டு விழாவில் குழு நடனத்துக்கு ஆள் குறைந்தபோது என்னையும் சேர்த்தார்கள். ஒத்திகையில் நான் ஆடியதைப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். விழா அன்று தொட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள்.

குழியை விட்டு வராத கால்கள்

ராணியைப் பார்த்து மற்றவர்களும் ஆடத் தொடங்கினார்கள். பாட்டு போகிறது, தாளம் ஒருவருக்கும் தப்பவில்லை, ஆனால் யாரும் நின்ற இடத்தை விட்டு அசையக் காணோம். ஆளுக்கு ஒரு தரைக்கல்லில் நின்றுகொண்டு, இடது பாதம், வலது பாதம் என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார்கள். தலை குனிந்தே இருந்தது. இடுப்பு என்று ஒன்று இருப்பதே அந்த உடம்புகளுக்குத் தெரியவில்லை.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தறி மிதிக்கிறார்கள்! தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி அழுத்தியே பழகிய கால்கள். பாட்டைக் கேட்டதும் அவை மிதிகட்டையைத் தேடிக்கொண்டன.

"அய்யோ, குழிய உட்டு வெளிய வாங்கக்கா!" என்று ராணி கத்தினாள். "பொடவ முடிஞ்சுபோச்சு, அறுத்து குடுத்தாச்சு, வாங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரித்த வேகத்தில் சரசு அக்கா ஓரடி பின்னால் வைத்துவிட்டார். எங்கள் வகுப்பின் முதல் ஸ்டெப் அதுதான்.

மறுநாள் ராணி கும்மியைக் கொண்டுவந்தாள். கோயில் திருவிழாவில் எல்லோரும் அடித்த கும்மிதான். வட்டமாகச் சுற்றியே ஆக வேண்டும், நின்ற இடத்தில் நிற்க வழியில்லை. பாட்டு சினிமாப் பாட்டு, ஆட்டம் கும்மி, நடுநடுவே ராணியின் இடுப்பு. இந்தக் கலவைக்கு யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆரம்பத்தில் உடம்பைச் சூடேற்றுவதும் கடைசியில் மூச்சை நிதானப்படுத்துவதும் என் பொறுப்பு. அதற்கு மட்டும் விசிலுக்கு அனுமதி கிடைத்தது.

ஆட்டம் உடம்புக்கு நல்லது என்று நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். கண்ணால் பார்த்தது அந்த ஹாலில். ஆடி போய் ஆவணி வருவதற்குள் மாடிப்படியில் யாரும் உட்காரவில்லை. படியேறிக்கொண்டே மாமியாரைப் பற்றிப் பேச மூச்சு மிச்சமிருந்தது. பொழுது சாய்ந்தால் வீங்கும் கணுக்கால்கள் வற்றின. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தார்கள். தூக்கமே வராது என்று புலம்பிய ஒருவர், சாப்பிட்டுக்கொண்டே தூங்கி விழுவதாக அவர் மகள் என்னிடம் புகார் சொன்னாள். கூடைகள் எப்போது காணாமல் போயின என்று நான் கவனிக்கவில்லை.

ராணி மட்டும் இளைக்கவே இல்லை. "நான் இன்னாத்துக்கு எளைக்கணும்? மூச்சு வாங்கல, முட்டி நோவல, அது போதும்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. பிறகு பள்ளியில் நானும் பிள்ளைகளுக்கு அதையே சொல்லியிருக்கிறேன், என் சொந்தச் சரக்கு மாதிரி.

ஆவணியில் ஒரு நாள், முகூர்த்தம் என்பதை மறந்துபோய் டேப் ரெக்கார்டரோடு மாடிக்குப் போய்விட்டோம். இலை போட்டிருந்தார்கள். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். இரண்டு பேருமே உபசரித்தார்கள். சர்க்கரை இருப்பவர்கள்தான் கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அன்றைக்கு மட்டும் என் விசில் வேலை செய்யவில்லை, வாயில் போண்டா இருந்தது.

ராணியின் உள்ளங்கை

கும்மியில் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து மேலே ஒரு தட்டு. சரசு அக்காவுக்கு மேல்தட்டு வராது. அதனால் ராணி எப்போதும் அவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வாள். மேல்தட்டு வரும்போது தன் உள்ளங்கையை அக்காவின் கை எட்டும் இடத்தில் கொண்டுபோய் வைப்பாள். அக்கா அதில் தட்டுவார்.

ஓரத்தில் நின்று பார்த்த எனக்குத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த உள்ளங்கை ஒரே இடத்தில் இருக்கவில்லை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தது. அக்காவின் முகம் சுளித்தால் உடனே ஒரு விரல் அளவு கீழே இறங்கும். பாட்டும் கேலியுமாக இருந்ததில் அக்கா இதைக் கவனிக்கவே இல்லை. நான் ராணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சும்மா இருங்க டீச்சர். சத்தமா சொன்னா அந்த கைக்கு தெரிஞ்சுட போவுது" என்றாள்.

ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. சில நாள் வலி கூடி, அக்கா ஒத்தடத்தோடு வீட்டிலேயே இருந்தார். டாக்டரிடம் கேட்டபோது, இழுத்து வளைக்க வேண்டாம், வலி தாங்குகிற வரைக்கும் அசைத்துக்கொண்டே இருங்கள் என்றார். சர்க்கரையும் இறங்கியிருந்தது. வாக்கிங் ஒழுங்காகப் போகிறீர்கள் போலிருக்கிறதே என்று பாராட்டினாராம். அக்கா அடக்கமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஏகாம்பரம் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்கூல் புள்ளைங்கள ஆட்டி வெக்கறது போதாதா டீச்சரம்மா? ஊட்டு பொம்பளைங்களயும் ஆட்டி வெச்சுகினு இருக்கீங்க" என்பார். ஆனால் நாங்கள் கிளம்பும் நேரம் நெருங்கினால் சுவர் வழியே அவர் குரல் வரும். "இன்னும் கெளம்பலயா நீ? ஜல்தி போ, பாட்டு போட்டுட போறாங்க!"

பார்க்கக் கூடாததைப் பார்த்தேன்

ஹாலில் எல்லோரும் வியந்த ஒன்று உண்டு. சரசு அக்காவின் பின்னல். கை நன்றாக இருந்த காலத்தில் அவர் ஏனோதானோ என்று ஒரு கொண்டை போட்டுக்கொள்வார். கை போன பிறகுதான் தலை அழகானது. இழுத்து வாரி, ஒரு முடி பிசகாமல், நுனி வரை ஒரே அளவான பின்னல். எவ்வளவு குதித்தாலும் அவிழாது.

"யாருக்கா பின்னி உடறது?" என்று கேட்டால், "ஓரகத்தி" என்பார்.

ஒரு நாள் காலையில் தயிர்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குள் போனேன். தறி ஓரத்தில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஏகாம்பரம் அண்ணன், வாயில் சீப்பைக் கடித்துக்கொண்டு. அறுந்த இழையை முடியும்போது செய்வது போலவே விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பின்னிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு கவனம். முதலாளிக்கு நெய்யும் புடவைக்குக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் சீப்பு கீழே விழுந்தது. பாதிப் பின்னலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, "இந்த நாடா எங்க தொலஞ்சுது?" என்று யாரிடமோ சத்தம் போட்டார். நாடா அவர் காலடியிலேயே இருந்தது.

வாசல் வரை என் பின்னாலேயே வந்தார். "டீச்சரம்மா, தெருவுல யார் கிட்டயும் சொல்லிடாதீங்க. பசங்க ஓட்டியே பேஜார் பண்ணிடுவானுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். இத்தனை வருஷம் சொல்லவும் இல்லை. இப்போது எழுதிவிட்டேன். அண்ணன் இந்தப் பத்திரிகையில் ராசிபலன் மட்டும்தான் படிப்பார் என்ற தைரியம்தான்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் அன்றே சொன்னேன். அவரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான். "ஓகோ" என்று பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் என் கொண்டையை நானே அவிழ்த்து நானே முடிந்துகொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

தீபாவளிக்கு முந்தின வாரம். ராணி ஒரு வேகமான பாட்டைப் போட்டிருந்தாள். அண்ணன் அன்று அவசரத்தில் பின்னியிருக்க வேண்டும், அக்காவின் பின்னல் முதல் தடவையாக அவிழ்ந்தது. சுற்றி வந்துகொண்டே அக்கா இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டுவிட்டு, அடுத்த தட்டுக்குத் தயாரானார்.

வட்டம் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி எல்லாரும் நின்னுட்டீங்க?" என்றவர், நாங்கள் பார்க்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கொண்டையில் வைத்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ராணியும் அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை ஊதினேன்.

படியிறங்கும்போது அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டார். "யாரும் எங்க ஊட்ல சொல்லிடாதீங்க" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் மிச்சப் படிகளை வேகமாக இறங்கிவிட்டார்.

கோர்வைப் பாவு ஏறிய நாள் எனக்குப் பள்ளி விடுமுறை. சுவர் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒருவர் நெய்யும் தறியில் அடி ஒரே சீராக விழும். கோர்வைத் தறியில் அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வரும். ஓரத்தில் இருப்பவர் நாடா தள்ளுகிற நேரம் அது.

முதல் அடி கேட்டது. பிறகு சத்தமே இல்லை. நான் விசிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்னும் சத்தமில்லை. பிறகு, அடி. மறுபடி நீளமான இடைவெளி. அடி. சமையல் முடிந்து நான் மறுபடி வந்து உட்கார்ந்தபோது, அந்த இடைவெளி சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருந்தது.

பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். ஓரத்து இடத்தில் சரசு அக்கா. கை நீளுகிறது, நாடா போகிறது, திரும்பி வருகிறது. தலைமுடி மட்டும் பின்னாமல் விரிந்து கிடந்தது.

அண்ணன் தறியை நிறுத்தினார்.

"வாங்க டீச்சரம்மா. நீங்களே கேளுங்க இந்த நாயத்த. கைதான் சரியாயிடுச்சே, இனிமே நீயே பின்னிக்கன்னா ஆவாதாம்!"

"தறிக்கு வந்துடுச்சுங்க" என்றார் அக்கா, இழையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தலைக்கு இன்னும் வரல."

"அது எப்படி? அதே கைதான? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. அப்படி ஆவுமா?"

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

படித்த மூட்டு, தசை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, காலை அசெம்பிளியில் பேசுகிற குரலில் சொன்னேன்.

"ஆகும் அண்ணே. முன்னால நீட்டறது வேற, பின்னால கொண்டுபோறது வேற. அதுக்கு ரொம்ப நாளாகும்."

"ரொம்ப நாளுன்னா?"

"சொல்ல முடியாதுங்க. சில பேருக்குக் கடைசி வரைக்கும் வராது."

அக்கா சட்டென்று குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கியதில் தோள் இரண்டும் குலுங்கின.

"இன்னா பேஜாரு இது" என்று அலுத்துக்கொண்டே அண்ணன் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். சீப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது அவர் இடுப்பு மடிப்பிலேயே இருந்தது.